முதலில் மேல் திருகு

கழற்ற வேண்டியது முதலில் மேல் திருகு.
கீழ்த் திருகைக் கழற்றி
எண்ணெயெல்லாம் வடிந்த பிறகு
மேலது வர மறுத்தால்
ஊற்ற வழியில்லாமல் வண்டி வாசலிலேயே கிடக்கும்.
இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.
போன வருஷம் கீழ்த் திருகைத்தான் முதலில் கழற்றினேன்.
மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு
டவுன் பஸ்ஸில் போனேன்.
மாடுகள் எதுவும் கேட்கவில்லை.

புதுப்பாளையம், ஞாயிறு, காலை ஏழு மணி.
செம்மண்டலம் வரை ஓட்டிச் சூடேற்றி வந்தாயிற்று.
ஆறிப்போன கியர் ஆயில்
மார்கழித் தேங்காயெண்ணெய் மாதிரி, அசையாது.
ஜீப் உயரம்; ஜாக்கி வேண்டாம்.
கீழே ஒரு தீவனச் சாக்கு,
ஒரு பழைய பிளாஸ்டிக் டப், நான்.

மாடிவீட்டு ரிபாயுதீன்
கைப்பிடிச் சுவரில் டீயோடு சாய்ந்து
"டாக்டரம்மா, ஷெட்டுல விட்டா
ஆயிரத்தைநூறு ரூவா வேலைதானே" என்கிறார்.
ஷெட்டில் விட்டால்
எண்ணெயின் நிறத்தை எனக்கு யார் காட்டுவார்கள்?

முன் டிஃபரென்ஷியல்: கடுங்காப்பி.
திருகின் காந்தத்தில் கண்மை போல் இரும்புத் தூள்.
கட்டைவிரலில் வைத்துத் தேய்த்தேன்.
நெருடவில்லை. சில்லு இல்லை.
பல்லைப் பார்த்து வயது சொல்கிறவள் நான்;
இந்தப் பற்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

டிரான்ஸ்ஃபர் கேஸ் கொஞ்சம் கறுப்பு, மற்றபடி குறையில்லை.
பக்கத்தில் போகும் சைலன்சர் குழாய்
முழங்கைக்கு மேல் ஒரு கோடு இழுத்தது.
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன்.
மாடியில் டீ உறிஞ்சும் சத்தம் நின்று தொடர்ந்தது.

பின் டிஃபரென்ஷியல்.
மேல் திருகு வந்தது. கீழ்த் திருகும் வந்தது.
பிறகு வந்தது எண்ணெய் இல்லை.
மஞ்சளும் வெள்ளையுமாய்
கெட்டியாய், மெதுவாய்,
சீம்பால்.

கார்த்திகை மழையில் பரவனாறு ரோட்டைத் தாண்டிய இரவு.
கல்குணத்தில் அஞ்சலாட்சியின் மாடு.
கன்று பின்னங்காலை நீட்டி வந்துகொண்டிருந்தது.
பம்பருக்கு மேல் தண்ணீர்,
நாலு சக்கரமும் இழுக்க
போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று.
மாடு பிழைத்தது.
கிளம்பும்போது அஞ்சலாட்சி
ஒரு தூக்கு நிறையச் சீம்பாலைச் சீட்டில் வைத்தாள்.
"குடிக்க ஆளில்ல. எடுத்துட்டுப் போ."

டப்பில் நிறைவதைப் பார்த்துக்கொண்டு
சாக்கில் கிடந்தேன்.
கந்தக வாடை. அழுகின முட்டை, கொஞ்சம் பூண்டு.

தண்ணீர் எப்படிப் போயிருக்கும்?
சூடான இரும்பு வெள்ளத்தில் இறங்கினால்
உள்ளே காற்று சுருங்கும்; மூச்சு இழுக்கும்.
அதற்கென்று மேலே ஒரு துளை உண்டு.
விரல் வைத்துப் பார்த்தேன்.
குளவி மண் பூசி அடைத்திருந்தது.
மூச்சுக்கு வழியில்லாத அச்சு
சீல் இடுக்கில் ஆற்றைக் குடித்திருக்கிறது.

பதினெட்டாம் நம்பர் ஊசியால் குத்தினேன்.
மண்ணோடு உதிர்ந்தது
காய்ந்த பச்சைப்புழு ஒன்று,
யாருக்கோ எடுத்து வைத்த சாப்பாடு.

கழுவுவதற்கு ஒரு முறை ஊற்றி வடித்தேன்.
பிறகு நல்ல எண்ணெய்,
கன்றுக்கு மருந்து புகட்டும் குழாயும் புனலும் வைத்து.
அளவு பார்க்கக் கம்பி தேவையில்லை.
மாட்டுக்குள் தோள் வரை போகிற கை;
இங்கே சுண்டுவிரலின் முதல் கணு போதும்.
துளையின் விளிம்பில் எண்ணெய் தொட்டால் நிறைந்தது.
தொட்டது.

"முடிஞ்சிதா?"
"முடிஞ்சிது."
"பழைய ஆயில் எனக்குக் குடுங்க, கேட்டுக்கு அடிக்கலாம்."
"பின்னாடி உள்ளது வேணாம், அதுல தண்ணி இருக்கு."

கையைச் சீயக்காயால் தேய்த்துக் கழுவி
சாமான்களை அள்ளும்போது
சாக்கின் மடிப்பில் பளபளத்தது
புத்தம்புதுச் செம்பு வாஷர்.
ஆறு திருகு. ஆறு வாங்கினேன்.
எங்கோ ஒன்றில்
நசுங்கிய பழையதையே போட்டு முறுக்கியிருக்கிறேன்.
மேலா, கீழா?
கீழென்றால் ஊற்றியதெல்லாம் போகும்.

ரிபாயுதீன் உள்ளே போகும்வரை காத்திருந்து
மறுபடி சாக்கை விரித்தேன்.
மேலே மூன்று இருக்கிறது.
அதிலிருந்தே பார்ப்போம்.